கப்பும் கிராமும் ஒத்துவராதபோது: கோளாறை வைத்து அளவுப் பிழையைக் கண்டுபிடித்தல்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் வீட்டிலேயே கேக், முந்திரிக்கொத்து, ஊறுகாய் என்று செய்து விற்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் கோளாறுகளில் பெரும்பகுதி கைப்பக்குவக் குறைவால் வருவதல்ல. கப்பில் எழுதப்பட்ட செய்முறையைக் கிராமுக்கோ, கிராமில் எழுதப்பட்டதைக் கப்புக்கோ மாற்றும் இடத்தில்தான் அவை பிறக்கின்றன. அது தெரியாமல் அடுப்பைக் குறை சொல்லி, மாவுக் கடையை மாற்றி, சிலர் புதிய அவன் (கேக் சுடும் அடுப்பு) வாங்கும் அளவுக்கே போய்விடுகிறார்கள். அதனால் பலகாரத்தில் என்ன தெரிகிறது என்பதை முதலில் வைத்து, அதற்கான காரணங்களைச் செலவில்லாததிலிருந்து செலவு மிகுந்தது வரை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் கோளாறுக்கு உரிய தலைப்பை மட்டும் படித்தால் போதும். ஆனால் அடுத்து வரும் சோதனையை மட்டும் எல்லோரும் செய்தாக வேண்டும்.

எந்தக் கோளாறானாலும் முதலில்: உங்கள் பாத்திரத்தை அளந்துகொள்ளுங்கள்

நீங்கள் கப் என்று சொல்லும் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லிலிட்டர்தான் உங்கள் கப். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீர் 1000 கிராமுக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 996 கிராம் இருக்கும். சமையலுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. கிடைத்த எண்ணைப் பாத்திரத்தின் அடியில் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், கப் என்ற பெயரில் குறைந்தது நான்கு அளவுகள் புழங்குகின்றன. அமெரிக்கச் செய்முறைகளின் கப் 237 முதல் 240 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவிலும் மெட்ரிக் முறையைப் பின்பற்றும் பிற இடங்களிலும் 250, ஜப்பானில் 200, ரைஸ் குக்கருடன் வரும் சிறு கப் பெரும்பாலும் 180. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் இவற்றில் எதனோடும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. சிறு கரண்டியளவு (டீஸ்பூன்) எங்கும் 5 மில்லிலிட்டர்தான். பெரிய கரண்டியளவு (டேபிள்ஸ்பூன்) 15, ஆனால் ஆஸ்திரேலியச் செய்முறையில் 20.

240 மில்லிலிட்டர் கப்பில் தலை தட்டி அளந்தால் தண்ணீர் 240 கிராம், பால் ஏறத்தாழ 247, தேங்காய் எண்ணெய் 220, தேன் 340, சீனி 200, பொடித்த சீனி 120, பச்சரிசி 185 முதல் 200 வரை இருக்கும். மைதா 120 முதல் 150 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும். நீர்மங்களின் எண்களை அப்படியே நம்பலாம். மாவுகளின் எண்களை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் கப்பில், உங்கள் கடை மாவை, நீங்கள் வழக்கமாக நிரப்பும் விதத்தில் நிரப்பி மூன்று முறை எடை போட்டுச் சராசரியை எழுதிக்கொள்ளுங்கள். வேறொருவர் மாவுக்கு வேறொருவர் போட்ட பட்டியல் உங்களுக்குப் பொருந்தும் என்று எதிர்பார்ப்பதே பாதிக் கோளாறுகளின் வேர் என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: கேக் இறுகிப்போகிறது, மேற்பரப்பு வெடிக்கிறது, மறுநாளே காய்ந்துவிடுகிறது

பெரும்பாலும் மாவு கூடிவிட்டது. செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம்.

மைதா டப்பாவுக்குள் கப்பை நேராக விட்டு அள்ளினால் மாவு அமுங்கி 140, 150 கிராம் வரை ஏறிவிடும். கரண்டியால் எடுத்துக் கப்பில் மெல்ல இட்டுக் கத்தியால் தலை தட்டினால் 120, 125 கிராம்தான். இரண்டு கப் மைதா கேட்கும் செய்முறையில் இந்த ஒரு பழக்கமே 40 முதல் 50 கிராம் கூடுதலாகச் சேர்த்துவிடும். அது ஒரு கேக்கைக் கெடுக்கப் போதுமானது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர்கள் குவிந்து, பத்துக் கப் மாவை ஒரே நேரத்தில் பிசையும் வீடுகளில் பிழையும் பத்து மடங்காகிறது. வழக்கமாக நன்றாக வரும் கேக் பண்டிகை நேரத்தில் மட்டும் சொதப்புகிறது என்று பலர் வருந்துவதற்கு இதுவே காரணம்: அவசரத்தில் அள்ளுகிறோம், நிதானத்தில் இடுகிறோம்.

மாவைச் சலித்த பிறகு அளக்கச் சொல்கிறதா, அளந்த பிறகு சலிக்கச் சொல்கிறதா என்று செய்முறையைத் திரும்பப் படியுங்கள். சலித்த மாவு ஒரு கப்பில் குறைவான எடைதான் கொள்ளும். எடையில் எழுதிய செய்முறைக்கு இந்தச் சிக்கலே இல்லை.

அடுத்து, சீனியைப் பாருங்கள். ஒரு கப் சீனி என்றிருக்கும் இடத்தில் ஒரு கப் பொடித்த சீனி போட்டிருந்தால் 80 கிராம் குறைந்துவிட்டது. இனிப்பு மட்டுமல்ல, ஈரப்பதமும் குறைந்து கேக் வெளிறிக் காய்ந்துபோகும். சீனியை முதலில் 200 கிராம் எடை போட்டுவிட்டு, பிறகு பொடியுங்கள். பழுப்புச் சர்க்கரை அழுத்தி நிரப்பிய கப் என்று அமெரிக்கச் செய்முறை சொன்னால் அது 215 கிராம் அளவில் இருக்கும். அதற்கு மாற்றாக நாட்டுச்சர்க்கரையை அழுத்தாமல் தூவி அளந்தால் கணிசமாகக் குறையும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால் முட்டையைக் கவனியுங்கள். மாவு, சீனி, எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்தால் டம்ளர் சிறியதோ பெரியதோ, அவற்றுக்கிடையிலான விகிதம் மாறாது. ஆனால் முட்டையை எண்ணிப் போடுகிறோம், வெண்ணெயைப் பொட்டலத்தின் எடைக்குப் போடுகிறோம், பேக்கிங் பவுடரைக் கரண்டியால் போடுகிறோம். டம்ளர் 300 மில்லிலிட்டராக இருந்து செய்முறை 240-க்கு எழுதப்பட்டிருந்தால் மாவும் சீனியும் கால் பங்கு கூடி, முட்டையும் வெண்ணெயும் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலான செய்முறைகள் ஓடு நீக்கிய ஒரு முட்டையை 50 கிராம் என்று கணக்கிடுகின்றன. உடைத்து எடை போட்டுப் பாருங்கள். சிறிய முட்டைகளாக இருந்தால் குறைகிற அளவுக்கு இன்னொன்றை அடித்துச் சேர்க்கலாம். வெண்ணெய் அமெரிக்கக் கப் ஒன்றுக்கு 227 கிராம். இங்கே 100 கிராம், 500 கிராம் பொட்டலங்களாக விற்பதை வெட்டிக் கண்ணளவாக எடுக்காமல் எடை போட்டே எடுங்கள்.

எல்லாவற்றையும் கிராமில் அளந்து, இரண்டு முறை செய்தும் அதே இறுக்கமும் வெடிப்பும் வந்தால் மட்டுமே அவன் அடுப்பைச் சந்தேகியுங்கள். அடுப்புக்குள் வைக்கும் சிறு வெப்பமானி அதிக விலையில்லை. நீங்கள் வைத்த வெப்பத்துக்கும் அது காட்டும் வெப்பத்துக்கும் 20 டிகிரிக்கு மேல் வேறுபாடு தொடர்ந்து இருந்தால் மெக்கானிக்கை அழைக்கும் நேரம் அதுதான்.

அறிகுறி: புட்டு கட்டிபிடிக்கிறது, அல்லது ஓலைக் கொழுக்கட்டை மாவு விரிந்து வெடிக்கிறது

இங்கே கேள்வி ஒன்றுதான்: எந்த நிலையில் இருக்கும் மாவை அளந்தீர்கள்?

ஒரு கிலோ பச்சரிசியை ஊறவைத்து நீர் வடித்து எடை போட்டால் ஏறத்தாழ 1.25 முதல் 1.3 கிலோ வரை இருக்கும். கூடிய அவ்வளவும் தண்ணீர். அதை இடித்துச் சலித்த ஈரமாவு 500 கிராம் எடுத்தால் அதில் அரிசி 400 கிராமுக்கும் குறைவு. இதே 500 கிராமைக் கடையில் வாங்கிய வறுத்த மாவில் எடுத்தால் கிட்டத்தட்ட முழுவதும் அரிசிதான். ஈரமாவுக்கு எழுதிய தண்ணீர் அளவை வறுத்த மாவுக்கு ஊற்றினால் மாவு குடித்துவிட்டு வறண்டு நிற்கும். மாறிச் செய்தால் புட்டு கட்டியாகும். கப்பில் அளப்பவர்களுக்கு இது இன்னும் குழப்பம், ஏனெனில் ஈரமாவு பொங்கி நிற்பதால் ஒரு கப்புக்குள் அடங்கும் அரிசி மேலும் குறைகிறது.

ஆகவே, குறிப்பு எழுதும்போது அரிசியைக் காய்ந்த நிலையில் எடை போட்டு அதையே அடிப்படையாக எழுதுங்கள். மாவாக அளக்க வேண்டியிருந்தால் ஈரமாவா வறுத்த மாவா என்பதை உடன் எழுதுங்கள். தண்ணீரையும் கிராமில் எடுத்து, நினைத்ததில் முக்கால் பங்கை முதலில் தெளித்துப் பிசறி, கைப்பிடியில் பிடித்தால் நிற்கவும் விரலால் அழுத்தினால் உதிரவும் செய்கிறதா என்று பார்த்து மீதியைச் சேருங்கள். மீந்த தண்ணீரை எடை போட்டால் உங்கள் மாவுக்கு உண்மையில் எவ்வளவு பிடித்தது என்ற எண் கையில் கிடைத்துவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்வதால், மூடாத டப்பாவிலிருக்கும் மாவு ஆண்டின் பாதி நாளும் காற்றிலிருந்து ஈரம் இழுக்கிறது. ஜூனில் எழுதிய தண்ணீர் அளவு மார்ச்சில் சற்றுப் போதாமல் போனால் வியப்பில்லை.

தண்ணீரை எப்படி மாற்றினாலும் மாவு நறநறவென்றே இருந்தால் அது அளவுப் பிழையல்ல. திரிக்கும் மில்லில் கல் தேய்ந்திருக்கலாம், அல்லது உங்களுக்கு முன் வேறு தானியம் ஓடியிருக்கலாம். மில்காரரிடம் சொல்லி நைசாகத் திரிக்கக் கேளுங்கள்.

அறிகுறி: முந்திரிக்கொத்து உருண்டை பிடிக்க வரவில்லை, உதிர்கிறது, அல்லது கல்லாகிவிடுகிறது

இந்தப் பலகாரத்தில் மாற்றப் பிழைக்கு இரண்டு வாசல்கள் உண்டு: பயறும் கருப்பட்டியும்.

சிறுபயறு ஒரு கப் சுமார் 200 கிராம். அதை வறுத்துத் திரித்தால் மாவு பொங்கி ஒரு கப்புக்கு மேல் வரும். ஒரு கப் பயறை வறுத்துத் திரித்த மாவு என்பதும், வறுத்துத் திரித்த பயறு மாவு ஒரு கப் என்பதும் வேறுவேறு. கேட்டெழுதும்போது இந்த இரண்டும் மாறிப்போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இரண்டாவது விதத்தில் எழுதிய செய்முறைக்கு முதலாவது விதத்தில் அளந்தால் மாவு கூடிப் பாகு போதாமல் உருண்டை உதிரும். செய்முறை தந்தவரிடம் பயறாக அளப்பீர்களா, மாவாக அளப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வறுப்பதாலும் எடை சற்றுக் குறையும். காய்ந்த பயறில்கூடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் உண்டு, வறுவலில் அதில் ஒரு பகுதி போய்விடும். அதனால் எடையை வறுப்பதற்கு முன்பே எழுதுங்கள்.

கருப்பட்டியைக் கப்பில் அளப்பதை அடியோடு நிறுத்திவிடச் சொல்வேன். பெரிய துண்டுகளாக உடைத்து நிரப்பினால் கப்பில் பாதி காற்று. நன்றாக நுணுக்கி நிரப்பினால் எடை வெகுவாக ஏறும். இரண்டும் ஒரு கப்தான். அதோடு, கருப்பட்டியில் மண்ணும் தூசும் இருக்கும். கரைத்து வடித்த பிறகு துணியில் தங்கும் கசடையும் எடை போட்டுக் கழித்தால்தான் உண்மையில் சேர்ந்தது எவ்வளவு என்று தெரியும். புதுக் கருப்பட்டிக்கும் நாள்பட்டதற்கும் ஈரம் வேறு. ஆகையால் கருப்பட்டியை மாற்றும்போது முதல் ஈட்டைச் சிறிதாகச் செய்து பாருங்கள்.

கரைப்பதற்கு ஊற்றும் தண்ணீரின் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் நேரம் கொதிக்கும், அவ்வளவுதான். பயறும் கருப்பட்டியும் எடையில் சரியாக இருந்தும் உருண்டை கல்லாக இறுகினால் பாகு பதம் கடந்துவிட்டது என்று பொருள். அதைத் தராசால் திருத்த முடியாது. பண்டிகைக்கு ஆண்டுதோறும் செய்யும் கை ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கும். அந்த அம்மாவை ஒருமுறை அடுப்படியில் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

அறிகுறி: ஊறுகாயில் ஒருமுறை உப்பு கரிக்கிறது, மறுமுறை பூசணம் பிடிக்கிறது

பொடியுப்பு 5 மில்லிலிட்டர் கரண்டிக்குச் சுமார் 6 கிராம் நிற்கும். கல்லுப்பு பரல்களுக்கிடையில் இடைவெளி விடுவதால் அதே கரண்டியில் குறைவாக நிற்கும். எவ்வளவு குறைவு என்பது பரலின் பருமனைப் பொறுத்தது. கல்லுப்புக்கு எழுதிய கரண்டிக் கணக்கைப் பொடியுப்பில் போட்டால் கரிக்கும். மாறிப் போட்டால் உப்பு குறைந்து பூசணம் பிடிக்கும். மழைக்காலத்தில் கசிந்து நிற்கும் கல்லுப்பில் தண்ணீரின் எடையும் சேர்ந்திருக்கிறது; வாணலியில் ஈரம் போக வறுத்து ஆறவிட்டு எடை போடுங்கள்.

சரியான முறை, காயை நறுக்கிக் கொட்டை நீக்கி எடை போட்டு, அதற்கு இத்தனை சதவீதம் உப்பு என்று கணக்கிடுவது. உப்பையே முதன்மைக் காப்பாகக் கொண்ட ஊறுகாயில் மொத்த எடையில் உப்பு 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டின் உணவுத் தர விதி. ஒரு கிலோ மாங்காய்க்கு 140 கிராம் உப்பு சேர்த்தால் 1140-ல் 140, அதாவது 12 சதவீதத்தைச் சற்றே தாண்டும். வத்தல் பொடியும் எண்ணெயும் சேரச் சேர இந்தப் பங்கு குறையும் என்பதால் அவற்றையும் கூட்டிக்கொண்டு கணக்கிடுங்கள். ஒரு கிலோ காய்க்கு 100 கிராம் பொடியும் 200 கிராம் எண்ணெயும் போவதாக இருந்தால், மொத்தத்தில் 12 சதவீதம் நிற்க 180 கிராம் உப்பு வேண்டும்.

பூசணம் பிடித்ததை மேலாக வழித்துவிட்டு உப்புச் சேர்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கொட்டிவிடுங்கள். விற்பதற்குச் செய்பவர் என்றால், செய்முறையை இறுதி செய்யும் முன் ஒரு பாட்டிலை உணவுப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து உப்பு, புளிப்பு அளவுகளைச் சோதித்துக்கொள்வது செலவுக்குத் தகுந்த பலன் தரும்.

அறிகுறி: ரைஸ் குக்கரில் சோறு குழைகிறது

குக்கர் பாத்திரத்தின் உட்சுவரில் உள்ள கோடுகள் அதனுடன் வந்த கப்புக்கு மட்டும் உரியவை. அந்தக் கப் தொலைந்து அதைவிடச் சிறிய டம்ளரால் அரிசி அளந்து, கோடு வரை தண்ணீர் ஊற்றுவதே காரணம். கப்பைத் தேடி எடுங்கள், அல்லது 180 மில்லிலிட்டர் தண்ணீரை எடை போட்டு ஊற்றி வேறொரு பாத்திரத்தில் கோடு கீறிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பழைய குறிப்பிலுள்ள நாழி, உரி, உழக்குக் கணக்கு கிராமில் பொருந்தவில்லை

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) இணையும் வரை திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்தவை. அதனால் நம் வீட்டுக் குறிப்புகளில் இரண்டு அளவு மரபுகள் கலந்து கிடக்கின்றன. தமிழ் மரபில் 8 ஆழாக்கு ஒரு நாழி, அதுவே ஒரு படி. பாதி உரி, கால் உழக்கு. திருவிதாங்கூர் மரபில் 4 நாழி ஓர் இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை. அந்த நாழி சிறியது. நாழிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று எங்கோ படித்த ஓர் எண்ணைப் போட்டுப் பாயசத்துக்கு அரிசி அளந்தால் பல மடங்கு தவறக்கூடும்.

வழி எளிது. குறிப்பு எழுதிய வீட்டில் அந்த நாழியோ உழக்கோ இன்னும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நிறைநாழி (மங்கல நிகழ்வுகளில் நெல் நிரப்பி வைக்கும் நாழி) வைக்க எடுத்து வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அதைத் தண்ணீரால் அளந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, தலை தட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா என்று கேளுங்கள். வாய் அகன்ற அளவையில் குவிப்பு கணிசமான எடை.

பாத்திரம் கிடைக்கவில்லை என்றால் குறிப்புக்குள்ளேயே சான்று தேடலாம். எண்ணி எழுதிய பொருள் ஒன்று, தேங்காய் இத்தனை என்பது போல, பெரும்பாலும் இருக்கும். அதை வைத்து மற்றவை எந்த அளவில் இருந்திருக்க வேண்டும் என்று மதிப்பிடலாம். நூறு பேருக்கு மேல் ஆக்க வேண்டிய அடியந்திரச் (வீட்டு விசேஷ) சமையல் என்றால் இந்த ஊகத்தில் இறங்காதீர்கள். கல்யாண வீடுகளுக்கு ஆக்கும் தவசிப்பிள்ளை ஒருவரிடம் குறிப்பைக் காட்டி, ஆள் கணக்குக்குக் கிலோவில் எழுதித் தரக் கேளுங்கள்.

அறிகுறி: எண்ணெய்க் கணக்கு இடிக்கிறது

செக்கில் கிலோ விலை சொல்கிறார்கள், கடையில் லிட்டர் விலை சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர் ஏறத்தாழ 920 கிராம். ஒரு கிலோ ஏறத்தாழ 1.09 லிட்டர். கிலோ விலையை 0.92 ஆல் பெருக்கினால் லிட்டர் விலை வரும். கிலோ 400 ரூபாய் என்றால் லிட்டர் 368. நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்து விற்பவர்கள் அடக்க விலை போடும்போது இந்த ஒரு பெருக்கலைத் தவறவிட்டால் எட்டு சதவீதம் கைவிட்டுப் போகும்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி அதிகாலையில் உறைந்த எண்ணெயைக் கரண்டியால் கோரிக் கப்பில் நிரப்பினால் இடையில் காற்று நிற்கும். உருக்கி அளக்கவும், அல்லது உறைந்தபடியே எடை போடவும், எடை மாறாது.

அறிகுறி: ஒரே பொருளைத் தராசு ஒவ்வொரு முறையும் வேறு எடையாகக் காட்டுகிறது

மேலே சொன்ன எல்லாத் திருத்தங்களும் தராசை நம்பி நிற்பவை. எனவே இதை இறுதியாக, ஆனால் பொறுமையாகப் பாருங்கள்.

மின்விசிறியை அணையுங்கள். தராசைத் துணியோ செய்தித்தாளோ விரிக்காத கடினமான சமதளத்தில் வையுங்கள். பேட்டரியை மாற்றுங்கள்; தடுமாறும் எண்களில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். தட்டு எங்கும் உரசாமல் இருக்கிறதா, அடியில் மாவு புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு நாணயச் சோதனை. இரு உலோகப் பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம், பத்து நாணயங்கள் 77 கிராம் அளவில் காட்ட வேண்டும். அவற்றைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். எங்கும் ஒரே எண் வந்து, அது 77-ஐ ஒட்டியிருந்தால் தராசு நலம். எங்கும் ஒரே எண் ஆனால் 77 அல்ல என்றால் அளவுத் திருத்தம் தேவை. பல தராசுகளில் அதற்கான பொத்தானும், வைக்க வேண்டிய எடைக்கல்லின் அளவும் கையேட்டில் இருக்கும். மூலைக்கு மூலை எண் மாறினால் உள்ளேயிருக்கும் எடை உணரி சாய்ந்துவிட்டது. வீட்டுத் தராசுக்கு அதைப் பழுது பார்ப்பதைவிடப் புதியது வாங்குவது மலிவு.

ஈஸ்ட், சோடா மாவு போன்றவற்றை இந்தத் தராசில் 2, 3 கிராம் என்று நிறுக்காதீர்கள். ஒரு கிராம் படியில் காட்டும் தராசு அந்த அளவில் பாதி வரை தவறலாம். அவற்றுக்குக் கரண்டியே மேல்: இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 மில்லிலிட்டர் கரண்டிக்குச் சுமார் 3 கிராம், சோடா மாவு சுமார் 5 கிராம். வீட்டுத் தேக்கரண்டி வேண்டாம், அளவுக் கரண்டி.

இந்தச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பலகாரம் விற்கக் கூடாது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-ன்படி விற்பனைக்குப் பயன்படும் தராசு சரிபார்த்து முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் பொறுப்பில் உள்ளது. தராசு விற்ற உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் முதலில் சரிசெய்து, பிறகு முத்திரை ஆய்வாளரிடம் கொண்டுசெல்லுங்கள். நீங்கள் வாங்கிவந்த சரக்கு, சரியென்று உறுதியான உங்கள் தராசில் தொடர்ந்து குறைந்தால், பொட்டலத்தைப் பிரிக்காமல் ரசீதுடன் அதே துறையில் புகார் கொடுக்கலாம்.